கிழக்கின் கடைசிப் போரை ஊர்வாரியாக எழுதி வைப்பது எப்படி?

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெளியாகும் கும்பாபிஷேக மலர்களையும் பாடசாலை நூற்றாண்டு மலர்களையும் புரட்டினால், 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு ஒரு பக்கமும் 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்கு இரண்டு மூன்று பக்கங்களும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் நடந்த 2006, 2007 ஆகிய ஆண்டுகளோ ‘நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக’ என்னும் அரை வரியோடு முடிந்துவிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுவதும் வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு ஓடிவந்தது அந்த அரை வரிக்குள்தான் கிடக்கிறது. அன்று ஐம்பது வயதைத் தாண்டியிருந்தவர்கள் இப்போது எழுபதைத் தொடுகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத வேண்டியதை இன்னும் தள்ளிப்போட இடமில்லை.

தம் ஊரின் அக்காலத்தை எழுதி வைக்க விரும்பும் ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார், பல்கலைக்கழக மாணவர்கள் ஆகியோருக்காகவே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. எந்தப் படை எந்த முகாமை எந்த நாளில் பிடித்தது என்பதை வென்றவரும் தோற்றவரும் தத்தம் முறையில் ஏற்கெனவே எழுதிவிட்டனர். ஊரைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் எந்தெந்த இரவில் எங்கே படுத்துறங்கியது, எவரோடு போயிற்று, எவர் திரும்பி வரவில்லை என்பது மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அதையே முதுகெலும்பாகக் கொண்டு எழுதத் தொடங்கினால் மற்றவையெல்லாம் அதனோடு ஒட்டிக்கொள்ளும் என்பதே இங்கு நான் வலியுறுத்த விரும்புவது.

கையில் இருக்க வேண்டிய காலவரிசை

ஊரவரிடம் போவதற்கு முன்னர் ஒரு பக்க அளவில் ஒரு காலவரிசையை நீங்களே தயாரித்துக்கொள்ள வேண்டும். அதை அவர்களுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் அவர்களுடைய நினைவு உங்கள் தாளுக்கு ஏற்ப வளைந்துவிடும். அவர்கள் சொல்வதை எங்கே பொருத்துவது என்று நீங்கள் அறிவதற்கே அது வேண்டும்.

கிழக்கின் இறுதிப் போரைப் பலர் 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதிலிருந்து தொடங்குகிறார்கள். திருகோணமலை மாவட்டத்துக்கு அது பொருந்தலாம். மட்டக்களப்பு, அம்பாறை ஊர்களுக்கு 2004 ஏப்ரலிலிருந்து தொடங்குவதே சரியென்பது என் கருத்து. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் கிழக்குத் தளபதி கருணா விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9ஆம் திகதி பெரிய வெள்ளியன்று வன்னியிலிருந்து வந்த அணிகள் வெருகல் ஆற்றைக் கடந்ததும், சில நாட்களுக்குள் அவருடைய அணி கலைக்கப்பட்டு அதிலிருந்த பிள்ளைகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டதும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஒரே வாரத்துக்குள் நடந்து முடிந்தன. ஆற்றின் இருபுறமும் நின்றவர்கள் ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். பின்னர் வந்த மூன்று ஆண்டுகளில் ஓர் ஊரில் யார் யாரிடம் பேசினார்கள், எந்த வீட்டுக்கு எவர் இரவில் வந்தார்கள், எந்தப் பிள்ளை எங்கே ஒளித்து வைக்கப்பட்டது என்பவற்றையெல்லாம் அந்த வாரம் தீர்மானித்தது.

அதன் பின்னர் உங்கள் காலவரிசையில் இடம்பெற வேண்டியவை: 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர்ச் சண்டையும் அங்கிருந்த முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் வெளியேறியமையும், செப்டெம்பர் 4இல் சம்பூர் படையினர் வசமானமையும், அதையொட்டி மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் வெருகல் வழியாக வாகரைப் பகுதிக்கு வந்து சேர்ந்தமையும், நவம்பர் 8இல் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தமையும், 2007 ஜனவரி 19இல் வாகரை வீழ்ந்தமையும். அதே ஜனவரியில் அம்பாறை மாவட்டத்தில் கஞ்சிகுடிச்சாற்றுக் காட்டுப் பகுதி விசேட அதிரடிப் படையின் கைக்கு வந்தது. மார்ச்சில் படுவான்கரை மீது எறிகணை வீச்சு கடுமையாகி, மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. அம்மாத இறுதியில் கொக்கட்டிச்சோலையும், ஏப்ரலில் செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியும் படையினர் வசமாயின. ஜூலை 11இல் குடும்பிமலை பிடிக்கப்பட்டதோடு கிழக்கில் நிலம் பிடிக்கும் போர் முடிவுக்கு வந்தது. அரச ஆவணங்களில் இம்மலை தொப்பிகல என்றே வரும் என்பதால், பழைய பத்திரிகைகளைத் தேடும்போது இரு பெயர்களையும் தேட வேண்டும்.

திகதியைக் கேட்காமல் திகதியை அறிதல்

‘எத்தனையாம் திகதி?’ என்று கேட்டால் பெரும்பாலும் தவறான விடையே கிடைக்கும். கேட்பவர் படித்த பிள்ளை என்பதால் மரியாதைக்காக ஏதோ ஒரு திகதியைச் சொல்லிவிடுவார்கள். வேளாண்மை செய்தவரிடம் வேளாண்மையைக் கொண்டே கேட்க வேண்டும். ‘வட்டையில் வெட்டு முடிந்திருந்ததா, சூடு (கதிர்க்குவியல்) வைத்திருந்தீர்களா, அடித்த நெல்லை ஏற்றினீர்களா, விட்டுவிட்டு வந்தீர்களா?’ என்று கேட்டால் விடை சட்டென்று வரும். 2007 மார்ச் இடப்பெயர்வு பெரும்போக அறுவடைக் காலத்தோடு பொருந்தி வந்தது. ‘மனே, வெட்டின வேளாண்மை அப்படியே வயலிலே கிடந்தது’ என்று ஒரு போடியார் (பெரும் வயற்காரர்) சொல்வாரானால் நீங்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் நிற்கிறீர்கள். விதைப்பு என்றால் ஒக்டோபர், நவம்பர்.

கோயில் நாட்காட்டி இன்னும் நுட்பமானது. கதிரவெளிச் சம்பவம் தீபாவளி கழிந்து மூன்று வாரத்துக்குள் நடந்தது. வாகரை வீழ்ந்தது தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில். குடும்பிமலை வீழ்ந்தபோது ஆடி மாதம் பிறந்திருக்கவில்லை, மாமாங்கேஸ்வரர் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நடந்ததா, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேர் அவ்வாண்டு இழுக்கப்பட்டதா, மண்டூர்த் திருவிழாவுக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற கேள்விகள், ஊர் வெறுமையாக இருந்த மாதங்களையும் மக்கள் திரும்பத் தொடங்கிய மாதங்களையும் தாமாகவே பிரித்துக் காட்டும். படுவான்கரையில் மீள்குடியேற்றம் 2007 மே மாதத்திலிருந்து படிப்படியாக நடந்ததால், அவ்வாண்டுக் குளிர்த்தி பற்றிய கேள்வி மிகவும் பயன்படும்: சில ஊர்களில் சடங்கு முகாமிலும் சில ஊர்களில் சொந்தக் கோயிலிலும் நடந்திருக்கும், சிலவற்றில் நடந்தே இராது. முஸ்லிம் ஊர்களில் நோன்பையும் பெருநாட்களையும் கொண்டு கேட்கலாம். அவை ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாட்கள் முன்னே நகர்வதால், எந்த ஆண்டு நோன்பு என்பதைப் பிள்ளைகளின் வகுப்பைக் கொண்டோ, வீட்டில் நடந்த திருமணத்தைக் கொண்டோ உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இடப்பெயர்வுகள் ஒன்றோடொன்று கலப்பதே இதில் பெரிய சிக்கல். நம் பகுதியில் அறுபது வயதுடைய ஒருவர் குறைந்தது மூன்று முறையாவது வீட்டை விட்டு ஓடியிருப்பார். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் மகிழடித்தீவிலும் அதைச் சுற்றியும் நடந்த படுகொலைகள், 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்டமை, சத்துருக்கொண்டான், வீரமுனை, காத்தான்குடிப் பள்ளிவாசல், ஏறாவூர் என்று 1990ஆம் ஆண்டின் தனிப் பட்டியல் ஆகியவை 2007ஆம் ஆண்டின் நினைவோடு சேர்ந்தே வரும். இவற்றைப் பிரிப்பதற்கு எளிய வழி, ‘அப்போது சுனாமி வந்திருந்ததா?’ என்று கேட்பதுதான். சுனாமிக்கு முன், சுனாமிக்குப் பின் என்ற பிரிவை எவரும் மறப்பதில்லை. பழைய சம்பவங்களைச் சொல்லத் தொடங்கினால் இடைமறிக்க வேண்டாம். தனிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அவையும் ஒரு நாள் எழுதப்பட வேண்டியவையே.

துறைகளும் இரவுகளும்

ஒரு பெரிய தாளில் வாவியை வரைந்துகொண்டு போங்கள். ஊரின் பெயர்களை எழுதாமல், குளங்களையும் பாலங்களையும் துறைகளையும் மட்டும் குறித்தால் போதும். மிகுதியை அவர்களே விரலால் காட்டுவார்கள். உன்னிச்சைக் குளம், உறுகாமக் குளம், நவகிரிக் குளம், பட்டிருப்புப் பாலம், வலையிறவுப் பாலம், மண்முனைத் துறை, அம்பிளாந்துறை, குருமண்வெளி ஆகியவை அத்தாளில் இருக்கட்டும். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது என்பதை இளையோர் பலர் நினைப்பதில்லை. 2007 மார்ச்சில் அங்கே ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகுதான் ஓடியது. பாதை நின்ற நேரத்தில் தோணிகளிலும் வள்ளங்களிலும் கடந்தார்கள். ஆகவே ‘எந்தத் துறையால் கடந்தீர்கள், எவருடைய தோணி, எத்தனை தரம் போய் வந்தது, மாடுகளை என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்விகளிலிருந்தே ஓர் ஊர் எந்த வரிசையில் வெளியேறியது என்பது தெரிந்துவிடும். மாடுகளைப் பற்றிய கேள்வியைத் தவறவிட வேண்டாம். பட்டி வைத்திருந்தவர்கள் அவற்றை அவிழ்த்துவிட்ட நேரத்தையும், திரும்பி வந்தபோது எத்தனை மிஞ்சின என்பதையும் துல்லியமாகச் சொல்வார்கள். அந்த விடையிலிருந்து வேறு பலவும் அவிழும்.

கடந்த பின்னர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரவுகளின் வரிசையை எழுதுங்கள். முதல் இரவு கோயில் மண்டபம், அடுத்த மூன்று இரவுகள் பாடசாலை, பின்னர் உறவினர் வீடு, பின்னர் தறப்பாள் கொட்டில் என்று அது நீளும். குடும்பத்துக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டால், ஒரே முகாமில் இருந்த குடும்பங்களின் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். இரண்டு குடும்பங்கள் ஒரே இரவைப் பற்றி வெவ்வேறாகச் சொன்னால் உடனே ஒன்றைப் பிழையென்று வெட்டிவிடாதீர்கள். பெண்களும் பிள்ளைகளும் முதலில் கடந்திருப்பார்கள். ஆண்கள் நெல்லுக்கும் மாட்டுக்குமாக இரண்டொரு நாள் பின்தங்கியிருப்பார்கள். கணவனும் மனைவியும் சொல்லும் திகதிகள் இரண்டு நாட்களால் வேறுபடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

வாகரைப் பக்கத்து ஊர்களிலும் மூதூர் கிழக்கிலிருந்து வந்து மட்டக்களப்பில் தங்கியவர்களிடமும் இம்முறையைச் சற்று மாற்ற வேண்டும். அவர்கள் ஆற்றையும் காட்டையும் பல தரம் கடந்தவர்கள். சம்பூரிலிருந்து வெருகல், அங்கிருந்து கதிரவெளி, வாகரை, பின்னர் காட்டு வழியாக ரிதிதென்னை அல்லது கடற்கரை வழியாக மாங்கேணி என்று ஒவ்வோர் இடத்திலும் சில வாரங்கள் இருந்திருப்பார்கள். அங்கே இரவுகளைக் கேட்பதை விட, எந்த இடத்தில் உணவு முடிந்தது, எந்த இடத்தில் காயப்பட்டவர்களை வாகரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள் என்று கேட்பதே தெளிவான வரிசையைத் தரும்.

வன்னியில் இருந்தவர்கள்

குடும்பிமலையோடு உங்கள் ஊரின் போர் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கிழக்கைச் சேர்ந்த போராளிகள் தொண்ணூறுகளிலிருந்தே வன்னிக் களங்களில் நின்றவர்கள். படையினரின் ‘ஜெயசிக்குறு’ நடவடிக்கைக் காலத்தில் அங்கே போய், அங்கேயே மணம் முடித்து இருந்துவிட்டவர்கள் பலர். 2007இல் காட்டு வழியாக வடக்கே போனவர்களும் உண்டு. ஆகவே படுவான்கரையில் ஏறத்தாழ எந்த ஊரை எடுத்தாலும் 2009இல் முள்ளிவாய்க்காலில் நின்ற ஒரு குடும்பமாவது இருக்கும்.

இவர்களிடம் திகதியைக் கேட்கவே தேவையில்லை. இடத்தைக் கேட்டால் திகதி வந்துவிடும். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்த பின்னர் மக்கள் நகர்ந்த வழி ஏறத்தாழ ஒன்றேதான்: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, பின்னர் கடற்கரையோரமாக மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதி பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது ஜனவரி மூன்றாம் வாரத்தில். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை தாக்கப்பட்டுக் கைவிடப்பட்டது பெப்ரவரி முதல் வாரத்தில். மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான கரையோரம் இரண்டாவது வலயமாக அறிவிக்கப்பட்டது பெப்ரவரி 12இல். சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஏற்பாடு செய்த கப்பலில் காயக்காரர்களையும் உறவினரையும் ஏற்றியது பெப்ரவரி 10 முதல் மே 9 வரை. ஏறத்தாழ 14,000 பேர் அவ்வாறு வெளியேறினர். ஆனந்தபுரச் சண்டை ஏப்ரல் தொடக்கத்தில். மாத்தளன் மண்ணணை உடைந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறியது சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தில், ஏப்ரல் 20இல். எல்லாம் முடிந்தது வைகாசி பிறந்த சில நாட்களில், மே 18இல். ‘மாத்தளன் ஆசுபத்திரியில் இருந்தோம்’ என்று ஒருவர் சொன்னால் அது பெப்ரவரி நடுப்பகுதிக்கும் ஏப்ரல் 20க்கும் இடைப்பட்டது. ‘முள்ளிவாய்க்கால் ஆசுபத்திரி’ என்றால் அதற்குப் பின்னர். ‘கப்பலில் வந்தேன்’ என்றால் எங்கே ஏறினார், புல்மோட்டைக்கா திருகோணமலைக்கா வந்தார் என்று கேளுங்கள்.

மே மாதத்துக்குப் பிந்திய கதை செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தொடங்கும். கிழக்கைச் சேர்ந்தோர் அங்கிருந்து பின்னர் சொந்த மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே பிரிக்கப்பட்டுப் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்தப் பிரிப்பு எந்த இடத்தில், எந்த வரிசையில், எவர் முன்னிலையில் நடந்தது என்பதைக் கவனமாக எழுதுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பலவற்றுக்கு, கடைசியாகக் கண்ட இடம் என்று சொல்ல இருப்பது வட்டுவாகல் பாலமும் அந்த வரிசையுந்தான்.

கேட்கும் முறை

சாவிலிருந்து தொடங்க வேண்டாம். வளவிலிருந்து தொடங்குங்கள்: எத்தனை தென்னை, எந்தப் பக்கம் கிணறு, வீடு கல்லா மண்ணா, எவர் கட்டியது என்று. வீட்டை மனத்தில் எழுப்பிவிட்டால் அதை விட்டு வெளியேறியதை அவர்களே சொல்வார்கள். ஒரு தாயிடம் முதற் சந்திப்பிலேயே பிள்ளையைப் பற்றிக் கேட்பது முறையன்று; அவர் தாமாகப் படத்தை எடுத்து வந்து காட்டும் வரை பொறுத்திருங்கள். பெண்களிடம் பெண்களே பேசுவது நல்லது. கூட்டமாக இருக்கும்போது ஊர் சொல்ல விரும்பும் கதை வரும். தனியே இருக்கும்போது அவரவர் கதை வரும். இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது.

எழுதும்போது ஒவ்வொரு கூற்றின் ஓரத்திலும் ஒரு குறி இடுங்கள்: தாம் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது, ஊரில் எல்லோரும் சொல்வது. இந்த மூன்றையும் பிரிக்காத பதிவு பின்னர் எவருக்கும் பயன்படாது. எறிகணை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது போன்ற கேள்விகளில் இக்குறி மிகவும் முக்கியமானது. வீழ்ந்ததைக் கண்டவர் ஏவியதைக் கண்டிருக்கமாட்டார். சத்தம் கேட்ட திசையையும் வீழ்ந்த குழியின் சாய்வையும் மட்டுமே அவரால் சொல்ல முடியும். அதை அப்படியே எழுதுங்கள்.

நம் ஊர்ப் பதிவுகளில் மௌனமாக விடப்படும் விடயங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளை பிடிப்பு. புலிகள் பிடித்ததையும், 2004இல் வீடு வந்த பிள்ளைகளை அவர்கள் மீளப் பிடித்ததையும், பின்னர் கருணா அணியினர் பிடித்ததையும் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் அக்காலத்திலேயே பதிவுசெய்தது. அதற்கு உடன்பட்டவர்களும் பயந்து வாய்மூடியிருந்தவர்களும் இன்றும் ஒரே ஊரில் வாழ்வதால், இதை எழுதுவது கடினம். பெயரின்றி எழுதலாம்; எழுதாமல் விட முடியாது. பிள்ளைகளை ஒளிக்க அவசரமாகச் செய்துவைத்த திருமணங்கள், கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் அனுப்பியமை ஆகியவற்றைக் கேட்டால் அவ்விடயத்துக்குள் மெதுவாக நுழையலாம். மற்றொன்று, பக்கத்து ஊர். ஓட்டமாவடியைக் கேட்காமல் வாழைச்சேனையையும், ஏறாவூரைக் கேட்காமல் செங்கலடியையும், அக்கரைப்பற்று முஸ்லிம் பகுதியைக் கேட்காமல் ஆலையடிவேம்பையும் எழுத முடியாது. அம்பாறையில் எல்லைப்புறச் சிங்கள ஊர்களுக்கும் இது பொருந்தும். நாம் ஓடிய அதே வீதியில் அவர்களும் ஓர் ஆண்டில் ஓடியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம் உங்கள் பதிவில் இருந்தால், மற்றப் பக்கங்களை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

தாள்கள்

வாய்மொழிக்குத் துணையாக வீட்டிலுள்ள தாள்களைப் பார்க்கக் கேளுங்கள். நிவாரண உலர் உணவு அட்டையில் முகாமின் பெயரும் திகதிகளும் இருக்கும். வைத்தியசாலை அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைக் குழுவின் கடிதம், பிந்திய மரணப் பதிவு ஆகியவற்றை ஒரு சொப்பிங் பையில் சுற்றி அலுமாரியின் அடியில் வைத்திருப்பார்கள். மூலத்தை ஒருபோதும் வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். அங்கேயே கைத்தொலைபேசியில் படமெடுத்து, கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொது இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது பாடசாலை. வரவுப் பதிவேட்டில் எந்த நாளில் பிள்ளைகளின் தொகை சரிந்தது, எந்த நாளில் பக்கம் வெறுமையானது என்பதும், இடம்பெயர்ந்தோரை ஏற்ற பாடசாலையில் எந்த நாளில் தொகை திடீரென்று கூடியது என்பதும் தெரியும். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அதிபர் ஒரு வரியாவது எழுதியிருப்பார். தேவாலயத்தின் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகளும் கோயிலின் கணக்குக் கொப்பிகளும் அடுத்தவை. பிரதேச செயலகத்திலுள்ள இடம்பெயர்வு, மீள்குடியேற்றப் பட்டியல்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். தனிநபர் பெயர்களைக் கேட்காமல் கிராம சேவகர் பிரிவுவாரியான தொகைகளையும் திகதிகளையும் கேட்டால் மறுக்கப்படும் வாய்ப்புக் குறைவு. வீரகேசரி, தினக்குரல் ஆகியவற்றின் பழைய இதழ்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலும், மின்வடிவிலான பலவற்றை நூலகம் இணையத்தளத்திலும் பார்க்கலாம். தரவை, கண்டலடி, மாவடிமுன்மாரி, கஞ்சிகுடிச்சாறு ஆகிய இடங்களிலிருந்த புலிகளின் மாவீரர் துயிலுமில்லங்களின் கல்லறைகள் இடித்து அழிக்கப்பட்டதால், அங்கே பொறிக்கப்பட்டிருந்த பெயர்களும் நாட்களும் இன்று வீடுகளிலுள்ள படங்களின் பின்புறத்தில்தான் இருக்கின்றன. படத்தின் பின்புறத்தையும் படமெடுங்கள்.

எவருக்கும் தீங்கு வராமல்

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மறந்துவிட்டு இவ்வேலையில் இறங்கக் கூடாது. 2021 மே மாதத்தில் கிரான் பகுதிக் கடற்கரையில் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்த பத்துப் பேர் அச்சட்டத்தின் கீழ் கைதாகிப் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டனர். நீங்கள் எழுதுவது நினைவுகூரல் அல்ல, வரலாறு என்று நீங்கள் சொல்லலாம். கதவைத் தட்டுபவர் அந்த வேறுபாட்டைப் பார்க்கமாட்டார். ஆகவே உயிரோடிருக்கும் முன்னாள் போராளிகளின் பெயர், இயக்கப் பெயர், இப்போதைய முகவரி ஆகிய மூன்றையும் ஒரே தாளில் ஒருபோதும் எழுதாதீர்கள். குடும்பங்களுக்கு எண் கொடுத்து, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறொருவரிடம் வையுங்கள். ஒலிப்பதிவைக் கைத்தொலைபேசியில் விட்டு வைக்காமல் அன்றன்றே மாற்றுங்கள். வட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்பாதீர்கள்.

சம்மதத்தை ஒரு தரம் கேட்டால் போதாது. பேசுவதற்கு முன்னர் ஒரு தரமும், எழுதியதை வாசித்துக் காட்டிய பின்னர் ஒரு தரமும் கேளுங்கள். முதலில் தயங்காமல் ‘ஆம்’ என்றவர், தாம் சொன்னது எழுத்தில் எப்படி நிற்கிறது என்று கேட்ட பின்னர் சில பகுதிகளை எடுக்கச் சொல்வார், எடுத்துவிடுங்கள். குற்றம் செய்தவர் என்று ஊர் சொல்லும் ஒருவரின் பெயரை, நீதிமன்றத்திலோ ஆணைக்குழுவிலோ வெளிப்படையாகப் பதிவாகியிருந்தாலன்றி, ஊர்ப் பதிவில் எழுத வேண்டாம். ‘ஆயுதம் தரித்த ஒருவர்’ என்று எழுதி, சீருடையையும் பேசிய மொழியையும் வந்த வாகனத்தையும் விவரியுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரை ‘இறந்தார்’ என்று எழுதும் உரிமை உங்களுக்கில்லை. மரணச் சான்றிதழ் வாங்கிய குடும்பமும், அதை வாங்க மறுத்து, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழை மட்டும் பெற்ற குடும்பமும், எதையும் பெறாத குடும்பமும் ஒரே வீதியில் இருக்கும். குடும்பம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதுங்கள். ‘கடைசியாகக் கண்டவர், கண்ட இடம், கண்ட நாள்’ என்ற மூன்றையும் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் ஒரு வினைச்சொல் தேவைப்படாது. காணாமற்போனோர் அலுவலகத்தின் பிராந்தியக் கிளை மட்டக்களப்பில் உண்டு. உங்கள் பதிவை அங்கே கொடுப்பதா இல்லையா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கட்டும். மொத்தத் தொகைகளிலும் இதே கவனம் வேண்டும். நாட்டின் மொத்த இழப்பைப் பற்றி ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் சொன்ன தொகையும் அரசு சொன்னதும் வேறு வேறானவை. அந்த வழக்கை உங்கள் ஊரின் கொப்பியில் தீர்க்க முயலாதீர்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடு, அவற்றில் எத்தனை பேர், எவரெவர் என்று பெயர் பெயராக எண்ணுவது ஊரவரால் முடிந்த வேலை. அதற்கு மேலான தொகை எதையும் உங்கள் கணக்காக எழுதாதீர்கள்.

வாசித்துக் காட்டலும் வைத்தலும்

முழுப் பதிவும் தயாரானதும் அச்சுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். கோயில் முற்றத்திலோ பாடசாலை மண்டபத்திலோ, முன்னரே இணங்கிய பகுதிகளை மட்டும் ஊருக்கு வாசித்துக் காட்டுங்கள். சர்ச்சை வரும், எவருடைய தோணி முதலில் போனது என்பதிலேயே அரை மணித்தியாலம் போகும். போகட்டும். அந்தச் சர்ச்சையில் வெளிவரும் விவரங்களை எழுதிக்கொள்ள ஒருவரைத் தனியே அமர்த்துங்கள்.

மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று ஊரில், வெள்ளம் ஏறாத உயரத்தில். 2011 ஜனவரி வெள்ளத்தில் எத்தனை கொப்பிகள் அழிந்தன என்பதை ஊரவரே சொல்வார்கள். இரண்டாவது மாவட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம். மூன்றாவது மின்வடிவில். வெளியிடக் கூடாத பகுதிகளைத் தனி உறையிலிட்டு, எந்த ஆண்டு வரை திறக்கக் கூடாது என்பதைச் சொன்னவரே முடிவு செய்து, உறையின் மேல் எழுதிக் கையொப்பமிடட்டும். ஊரிலுள்ள பிரதியில் இடப்பக்கத்தில் மட்டும் எழுதி வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும், முகாமில் வேறிடத்தில் இருந்தவர்களும் அங்கே திருத்தங்களை எழுதலாம். திருத்துபவர் தம் பெயரையும் திகதியையும் இட வேண்டும். பழைய வரியை வெட்டக் கூடாது. ஆண்டுக்கொரு முறை அத்திருத்தங்களை மின்பிரதியில் சேர்த்து, புதிய திகதியோடு தனிக் கோப்பாகச் சேமித்து, முந்திய கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.